ஏலமலைச் சீமை – 19: மேலோருக்கு மரியாதை, ஏழைக்குச் சோதனை

போடிமெட்டுக்கு மேலே மன்றோ துரை காடு குத்தகைக்கு எடுத்த கதையைப் போன இதழில் பார்த்தோம். ஏலக்காயும் தேயிலையும் ஏறி இறங்கிய அதே கணவாய்களில் வேதப்புத்தகமும் ஏறி இறங்கியது. கிழக்கே பெரியகுளத்தில் அமெரிக்க மிஷன்காரர்கள் இருந்தார்கள், மேற்கே முண்டக்கயத்தில் ஆங்கிலேயச் சர்ச் மிஷன்காரர்கள். நடுவில் ஏலமலை. பிற சமயத்தாரிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசலாமா, பேசினால் எப்படிப் பேசுவது, எது மரியாதை, எது ஆசைகாட்டல் என்று கிறிஸ்தவர்கள் தங்களுக்குள்ளேயே நானூறு ஆண்டுகளாகப் போட்டுவரும் சண்டையில் இந்த மலையின் இரண்டு சரிவுகளுக்கும் பங்கு உண்டு.

சண்டைக்குப் போகுமுன் ஆட்களைப் பார்த்துவிடுவோம். விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் மலைக்குக் கிளம்பிவிடும். உள்ளே முட்டியோடு முட்டி உரச உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் தூக்குவாளி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். போடிமெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். காய் எடுப்பு, களை வெட்டு, ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை என்று பகல் முழுக்கப் பாடுபட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வருவார்கள். ஊருக்குள்ளே இன்னொரு கூட்டம் ஏலக்காயைப் புடைத்து, சலித்து, பருமன்வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கும். இவர்களில் தலித்துகள் நிறைய. இந்து உண்டு, கிறிஸ்தவர் உண்டு. ஒரே வீட்டில் இரண்டும் இருப்பதும் இந்தப் பக்கத்தில் புதுமையில்லை. மதமாற்றம் பற்றி இந்தியாவில் யார் எங்கே வாய் திறந்தாலும் கடைசியில் பேச்சு இந்த ஜீப்பில் போகிறவர்களைப் பற்றித்தான். அவர்களோடு பேசியவர்கள்தான் குறைவு.

முதல் சண்டை மதுரையில் நடந்தது. தொடரின் தொடக்கத்தில் இதைத் தொட்டிருக்கிறோம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். போடி ஒரு நாயக்கர் காலத்துப் பாளையமாக இருந்த நாட்கள். 1595 முதல் மதுரையில் இருந்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசுசபைத் துறவி, முன்னாள் போர்வீரர். முத்துக்குளித்துறையிலிருந்து வந்துபோகும் பரதவர்களுக்கும் போர்த்துக்கீசிய வணிகர்களுக்கும் பூசை வைத்து, ஒரு பள்ளியையும் மருந்தகத்தையும் நடத்திக்கொண்டிருந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர்கூட அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. 1606இல் வந்து சேர்ந்தார் இத்தாலியப் பிரபு குடும்பத்து இளைஞர் ராபர்ட் தெ நொபிலி. காவி கட்டினார், புலால் விட்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், பெர்னாண்டஸின் குடியிருப்பை விட்டு விலகித் தனியே போனார். தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற மேல்சாதியார் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெர்னாண்டஸ் கொதித்துப்போனார். 1610இல் மேலிடத்துக்குப் புகார் பறந்தது. கோவாவில் கூடி விவாதித்தார்கள், ரோமுக்கும் எழுதினார்கள். 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், மூடநம்பிக்கை கலவாதவரை பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கட்டும் என்று நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார்.

நொபிலியை மரியாதையின் முன்னோடி என்று இன்று எல்லாரும் கொண்டாடுகிறோம். பிறர் பண்பாட்டை இழிவாகப் பேசாமல் அதற்குள்ளே புகுந்து பேசினார் என்பது உண்மைதான். ஆனால் அந்த மரியாதை யாருக்குக் கிடைத்தது? பூணூலுக்கு. பெர்னாண்டஸின் கோயிலுக்கு வந்துபோன பரதவருக்குக் கிடைத்தது தூரம். அந்தத் தீர்ப்பின் கடைசியில், உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் எளிய கிறிஸ்தவர்களை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம் என்று பாப்பரசர் ஒரு வேண்டுகோளையும் வைத்திருக்கிறார். பூணூலுக்கு அனுமதி, சமத்துவத்துக்கு வேண்டுகோள். இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இருநூறு ஆண்டு தாண்டி 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரைக்கு வந்தார்கள் பாஸ்டன் நகரத்து அமெரிக்கன் போர்டு மிஷனரிகள். திண்டுக்கல், பெரியகுளம், திருமங்கலம் என்று நிலையங்கள் பரவின. பசுமலையில் குருமடம் வந்தது. 1845இல் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்களும் இவர்களே. நொபிலிக்கு நேர் எதிரான பாதை இவர்களுடையது. சாதியை ஒரு பண்பாடு என்று ஏற்க மறுத்தார்கள், பாவம் என்றார்கள். 1847இல் மிஷன் ஒரு முடிவெடுத்தது. நற்கருணை வாங்க விரும்புகிறவர் சாதியை விட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் சமைத்த சோற்றை எல்லோரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ண வேண்டும். பெயர் அன்பின் விருந்து.

அந்தப் பந்தியை நினைத்துப் பாருங்கள். வாழை இலையோ தைத்த இலையோ, தரையில் வரிசை. பத்து வருடம் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த உபதேசியார் ஒருவர் அங்கே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சொந்தக்காரர் பெண் கொடுக்க மாட்டார்கள், சாவுக்கு வரமாட்டார்கள். எழுந்து போனால் சபையில் இடமில்லை, மாதச் சம்பளமும் போகும். பலர் எழுந்து போனார்கள். சபைவிலக்கம் பெற்றவர்களில் உபதேசியார்களும் இருந்தார்கள், பசுமலையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள்.

இப்படிக் கட்டாயப்படுத்துவது தகுமா என்ற கேள்வியைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதற்கு முன்பே கேட்டிருந்தார்கள். 1829 வாக்கிலேயே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், புதிதாய் வந்த மிஷனரிகள் செய்யும் கொடுமைகள் என்று பட்டியலே போட்டார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கல்யாணத்தில் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டைக் கோயிலிலிருந்து விரட்டுகிறார்கள், சாதிகளைப் பலவந்தமாகக் கலக்கிறார்கள். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் பேசியதைப் படித்தால் அவர் பக்கம் நின்றுவிடத் தோன்றும். அதே மூச்சில் பந்திக்கும் பேசுவதைப் படித்தால் கால் பின்னால் போகும். மரியாதை கேட்கும் குரல் நம் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் பெரும்பாலும் மேலே இருந்துதான் வந்திருக்கிறது. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பந்திதான் மரியாதை.

இருந்தாலும் பாஸ்டன்காரர்களைச் சும்மா விடவும் முடியாது. மதுரையில் சோற்றை வைத்துச் சோதித்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் செரோக்கி, சோக்டா மக்களிடையே இருந்த அதே போர்டின் சபைகளில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் நற்கருணை பெற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்க வேண்டும் என்ற கோரிக்கையை 1845இல் போர்டு ஏற்கவில்லை. வெறுத்துப்போன அடிமை எதிர்ப்பாளர்கள் 1846இல் பிரிந்துபோய் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். தன் ஊரில் அடிமையின் முதலாளியைக் கேட்காத கேள்வியை மதுரையில் உபதேசியாரைக் கேட்டது அந்தப் போர்டு. கேள்வி சரியான கேள்வி என்பதே என் கட்சி. இந்த முழுக் கதையிலும் சோதனை மேலே இருந்தவர்கள் மேல் விழுந்த ஒரே இடம் இதுதான். கேட்டவர்களின் கைதான் சுத்தமில்லை.

இப்போது மலையின் மேற்குச் சரிவு. 1848. கோட்டயம் பக்கத்தில் ஹென்றி பேக்கர் என்ற இளைய மிஷனரி வேலை செய்துகொண்டிருந்தார். அவர் அப்பாவும் அதே பெயர், அதே வேலை. ஒருநாள் மலையிலிருந்து மலையரையர்கள் சிலர் இறங்கி வந்து, எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். பேக்கர் தட்டிக்கழித்தார். கையில் ஏற்கெனவே வேலை அதிகம், மலைக்காடு என்றால் காய்ச்சல். அவர்கள் விடவில்லை. திரும்ப வந்தார்கள், திரும்பவும் வந்தார்கள். ஐந்து முறை வந்துவிட்டோம், வருவீரா மாட்டீரா என்று கடைசியில் கேட்டே விட்டார்கள். பேக்கர் மலையேறினார். முண்டக்கயம், மேலுகாவு எனச் சபைகள் எழுந்தன. 1862இல் பேக்கர் இதைச் சிறு நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

ஏன் கூப்பிட்டார்கள்? வேதாந்த விசாரத்துக்கா? பேக்கருக்கே அந்த மயக்கம் இல்லை. மலையரையர்களைச் சமவெளி அதிகாரிகளும் வணிகர்களும் மாறி மாறிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். வரி, கட்டாய வேலை, சுமை. எழுதப் படிக்கத் தெரிந்தால் மனு கொடுக்கலாம். வெள்ளைக்காரப் பாதிரியார் பக்கத்தில் இருந்தால் அதிகாரி கொஞ்சம் யோசிப்பான். இதுவும் ஒரு காரணம், பேய்க்குப் பயப்படாமல் தூங்க வேண்டும் என்பதும் ஒரு காரணம், செத்தால் எங்கே போவோம் என்பதும் ஒரு காரணம். மனிதர்கள் ஒரே ஒரு காரணத்துக்காக எதையாவது செய்ததாக வரலாற்றில் நான் படித்ததில்லை. கிழக்குச் சரிவில் போடிக்கு மேலே இருக்கும் முதுவர்களோ, மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் நாங்கள் என்ற தங்கள் பழங்கதையோடு பெரும்பாலும் மிஷனை விட்டு ஒதுங்கியே நின்றார்கள். கூப்பிட்டவர்களும் உண்டு, ஒதுங்கியவர்களும் உண்டு. இரண்டையும் யோசித்தே செய்திருக்கிறார்கள்.

ஆனால் நோக்கம் என்ற கேள்வி விட்டபாடில்லை. தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அது உச்சத்துக்குப் போனது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பசியாலும் கொள்ளைநோயாலும் செத்தவர்கள் பல லட்சம். மிஷனரிகள் கஞ்சித்தொட்டி வைத்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த நிவாரணப் பணத்தைப் பங்கிட்டார்கள். திருநெல்வேலியில் பேராயர் கால்டுவெல்லின் மிஷனில் ஒரே வருஷத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். அரிசிக் கிறிஸ்தவர்கள் என்ற ஏளனம் ஊரெல்லாம் கேட்டது, மிஷனரிகளுக்குள்ளேயே கேட்டது. கால்டுவெல்லின் பதில் அதற்கு இருபது வருடம் முன்பே தயாராக இருந்தது. 1857இல் வெளியான சொற்பொழிவுகளில் அவர் மழுப்பவே இல்லை: இவர்கள் உயர்ந்த நோக்கத்தோடு வருவதாக நான் எண்ணவில்லை, வந்து தங்கிப் படித்தால் உயர்ந்த நோக்கம் என்றால் என்னவென்று கற்றுக்கொள்வார்கள் என்ற பொருளில் பேசினார். நேர்மையான பேச்சு. அதில் இருக்கும் மேட்டிமையும் அதே அளவு. பஞ்சத்தில் ஒரு பிடி சோறு போட்டவனை நம்புவது தாழ்ந்த நோக்கம் என்று யார் முடிவு செய்தது? பசிக்கிற நேரத்தில் கதவைச் சாத்திய சாமியை விட்டு, திறந்தவர் பக்கம் போவதில் ஒரு சமய அறிவு இருக்கிறது என்று கால்டுவெல்லுக்கும் தோன்றவில்லை, அவரைக் கேலி செய்தவர்களுக்கும் தோன்றவில்லை.

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். ஏலமலையின் பெரும்பகுதி அப்போது திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்தது. அதற்கு முந்தின ஆண்டுதான் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்திருந்தார். எந்த மதம் தீண்டத்தகாதவர்களைப் பிடிக்கப்போகிறது என்று ஏலம் விடாத குறையாக நாடே பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் அமெரிக்காவைச் சேர்ந்த மிஷனரித் தலைவர் ஜான் மாட் காந்தியைச் சந்தித்தார். ஒரு பசுவுக்கு நற்செய்தி சொல்வீர்களா என்று காந்தி அவரைக் கேட்டார். தீண்டத்தகாதவர்களில் சிலருக்குப் புரிந்துகொள்ளும் திறன் அதைவிடக் குறைவு என்பது அவர் வாதம். டிசம்பர் 19 'ஹரிஜன்' இதழில் இது வெளிவந்து பெரும் சலசலப்பானது. பசு தமக்குப் புனிதமானது, இழிவு எண்ணவில்லை என்று பிறகு விளக்கம் சொன்னார். விளக்கத்தை ஏற்றாலும் உள்ளே இருக்கும் கருத்து மாறவில்லை: இவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது, அதனால் இவர்களிடம் பேசாதே.

1937இல் பதினான்கு இந்தியக் கிறிஸ்தவர்கள் கையொப்பமிட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். தகாத வழிகள் வேண்டாம், ஆனால் ஒடுக்கப்பட்டவர் தாமாக வந்தால் திருச்சபை தடுக்க முடியாது என்பது அதன் சாரம். காந்தி அதைத் துரதிர்ஷ்டமான ஆவணம் என்றார். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா இந்த விஷயத்தில் காந்தியோடு ஒத்துப்போகவே இல்லை. அவர் மறைமாவட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதியினர். அவர்களுக்கு ஆன்மா உண்டு, அதில் பசியும் உண்டு என்பது அவருக்கு வாதம் இல்லை, அன்றாடம் கண்ட காட்சி. 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளை மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்று கேட்டவரும் இதே அசரியாதான். பணிசெய்பவரிடம் ஆணவம் கூடாது, கேட்பவரிடம் தேர்வுரிமை இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே மனிதர் சொல்லியிருக்கிறார். இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த ஆள் இவர்.

1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் நடுவே தொடர்ச்சி இல்லை என்று தடித்த புத்தகம் எழுதி வந்தார். புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த செஞ்சய்யாவும், வழக்கறிஞர் சக்கரையும் வேறு சிலரும் சேர்ந்து அவருக்கு மறுப்பாக ஒரு தொகுப்பையே சென்னையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இறையியல் படித்தவர்களுக்கு விருந்தான சண்டை. உபநிடதம் வந்தது, யோகம் வந்தது. கூலி வரவில்லை. சக்கரை பின்னாளில் ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கத்தின் தலைவராகவே இருந்தவர் என்பதை நினைத்தால் இது வேடிக்கையாக இருக்கிறது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது மதுரை–இராமநாதபுரம் பேராயராக வந்தவர் முப்பத்தேழு வயது லெஸ்லி நியூபிகின். பெரியகுளம், போடி, கம்பம் பள்ளத்தாக்கு எல்லாம் அவர் ஆளுகைக்குள் இருந்தன. அதற்கு முன் காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து, ஒரு வாரம் உபநிடதம், ஒரு வாரம் யோவான் நற்செய்தி என்று மாறி மாறி வாசித்தவர். மதுரைக்கு வந்தபின் கிராமம் கிராமமாகச் சுற்றினார். சபையார் பெரும்பாலும் தலித்துகள். அந்த அனுபவத்தில் எழுதிய நாட்குறிப்பு நூல் 1951இல் வந்தது. இரண்டு இடத்திலும் அவர் அதே மனிதர்தான். ஆனால் நம் பேச்சு வழக்கு அப்படியில்லை. சந்நியாசியோடு பேசினால் அதற்குச் சமய உரையாடல் என்று பெயர், காலனியில் பேசினால் மதமாற்றம்.

சட்டமும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் சமயத்தைப் பரப்பும் உரிமை விவாதத்துக்கு வந்தது. கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் பதினான்கு ஆண்டு படித்தும் தம்மை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேச, உரிமை நிறைவேறியது. ஆனால் 1950இல் வந்த பட்டியல் சாதி ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். பட்டியல் பழங்குடிக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஆகவே பேக்கரைக் கூப்பிட்ட மலையரையர்களின் பேரப்பிள்ளைகள் கிறிஸ்தவராக இருந்தும் பழங்குடிச் சான்றிதழ் பெறலாம். போடி ஜீப்பில் ஏறும் தலித் பெண் ஞானஸ்நானம் பெற்றால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். மதம் மாறினால் பணம் கொடுக்கிறார்கள் என்று சொல்பவர்கள், மாறினால் எதை இழக்க வேண்டும் என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2002 அக்டோபர் 5 அன்று தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி வழியே மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியாகவோ இருந்தால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம். வயதுவந்த பெண்ணும் பத்து வயதுப் பையனும் ஒரே வரியில். ஜான் மாட்டிடம் காந்தி சொன்ன வாதம் அறுபத்தாறு ஆண்டு கழித்துச் சட்டப் பிரிவாகத் திரும்பி வந்தது. 2004 மே மாதம், மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு, கொண்டுவந்த அரசே அதை வாபஸ் வாங்கியது.

கிறிஸ்தவர்கள் தங்கள் பங்குக்கு 2006இல் இத்தாலியின் லரியானோவில் இந்து, பௌத்த, முஸ்லிம், யூத நண்பர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து மதமாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 2011 ஜூன் 28 அன்று ஜெனீவாவில் வத்திக்கானும், உலகத் திருச்சபைகள் மன்றமும், உலக நற்செய்திக் கூட்டணியும் சேர்ந்து நடத்தை விதிகளை வெளியிட்டன. மூன்றும் ஒரே தாளில் கையெழுத்திட்டதே அதிசயம். பிற சமயத்தை இழிவுபடுத்தாதே, பொய்சாட்சி சொல்லாதே, வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்ளாதே, மதம் மாற விரும்புகிறவருக்கு யோசிக்க நேரம் கொடு. நல்ல விதிகள். தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்துப் பிறர் சாமியைத் திட்டும் சில நம்மூர்ப் பிரசங்கியார்களுக்கு இதைத் தமிழில் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுக்கலாம். ஆனால் இதிலும் கேட்பவர் ஆபத்தில் இருக்கிறவராகத்தான் வருகிறார், ஐந்து முறை மலை இறங்கி வந்து வாசலில் நிற்கிறவராக அல்ல. நான் தேவையில் இருப்பதால்தான் வந்தேன் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்று விதி சொல்லவில்லை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. புதுச்சேரியில் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட பெண் அவர். ஞானஸ்நானம் பெற்றவர், தேவாலயத்துக்கும் போகிறவர், ஆனால் தான் இந்து என்றார். உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியலமைப்புக்குச் செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். இம்முறை சோதிக்கப்பட்டது கிறிஸ்துவிடம் போன நோக்கம் இல்லை, திரும்பி வந்த நோக்கம். சான்றிதழ் கிடைக்கவில்லை. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி தகுதி தரலாமா என்று ஆராய, நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் ஆணையம் அமைத்தது. ஒருவர் மனத்துக்குள் எந்த நோக்கத்தோடு சாமி கும்பிடுகிறார் என்ற கேள்வி, 1847இல் பந்தியில் ஒருமுறை தவிர, மேலே இருப்பவரிடம் இந்த நானூறு ஆண்டில் எங்கும் போய்ச் சேரவில்லை.

(தொடரும்)